சொல்ல ஒருவர், எழுத ஒருவர்

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடிய தலபுராணங்கள் மட்டும் 20-க்கு மேல். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், கோவை எல்லாம் தனிக்கணக்கு. 1815-இல் பிறந்து 1876-இல் மறைந்தவர். இடையில் நாள் தவறாமல் பாடம் சொன்னார், ஊர் ஊராக வண்டியில் போனார், வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டுக் கடன்பட்டார். இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் எப்படி இவ்வளவு பாடினார்? நான் மாயவரத்துக்காரன். அவர் பல ஆண்டுகள் குடியிருந்த ஊர் அது. எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டால் "அதெல்லாம் அருள்" என்று முடித்துவிடுவார்கள். அருளை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அருள் தினமும் எந்த வழியாக ஓலைக்கு இறங்கியது என்று பார்க்கும்போதுதான் எனக்கு அவர்மேல் மதிப்பு இன்னும் கூடுகிறது.

அவர் பாடியது வாயால். எழுதியது, பெரும்பாலும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாணவர். இந்த ஏற்பாடு அவர் கண்டுபிடித்ததல்ல. புலவர் சொல்ல இன்னொருவர் ஏட்டில் எழுதுவது தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். ஆனால் அது எப்படி நடந்தது என்பதை அருகிலிருந்து பார்த்துச் சொன்னவர்கள் மிகக் குறைவு. நமக்குக் கிடைத்த பெரிய சாட்சி உ.வே.சாமிநாதையர். 1871-இல், பதினாறு வயதில், மாயவரம் என்று நாங்கள் சொல்லும் மாயூரத்தில் பிள்ளையவர்களிடம் சேர்ந்தார். வீட்டில் வைத்த பெயர் வேங்கடராமன். சாமிநாதன் என்று அழைக்கத் தொடங்கியவர் ஆசிரியர்தான். ஆசிரியர் காலமாகும்வரை ஐயர் கூடவே இருந்தார். பின்னாளில் எழுதிய ஆசிரியர் சரித்திரத்தையும் தம் சரித்திரத்தையும் திறந்தால், எழுத்தாணி ஓசை கேட்கும் பக்கங்கள் நிறைய.

ஒரு தலபுராணம் பிறப்பது புலவர் மனத்தில் அல்ல, கோயிலில். அறங்காவலர்களோ ஊர்ப் பெரியவர்களோ தங்கள் தலத்துக்குத் தமிழில் ஒரு புராணம் வேண்டும் என்று கேட்டு வருவார்கள். வடமொழியில் அந்தத் தலத்தின் மாகாத்மியம் இருக்கும். வடமொழி தெரிந்த ஒருவர் அதைத் தமிழ் வசனமாக ஆக்கித் தருவார். புலவர் அதைக் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டு படலங்களாகப் பிரிப்பார். கதைப் படலங்களுக்கு வசனம் துணை. ஆனால் தொடக்கத்தில் வரும் நாட்டுப் படலத்துக்கும் நகரப் படலத்துக்கும் எந்த மாகாத்மியமும் உதவாது. ஆறு, வயல், நாற்று, கடைத்தெரு எல்லாம் புலவர் தம் கையிலிருந்து போட வேண்டியவை. பிள்ளையவர்களின் கற்பனை அதிகம் தெரிவது அங்கேதான் என்பது என் எண்ணம். காவிரிப் பாசனத்தை வருஷம் முழுக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு நாட்டுப் படலம் பாடச் சொல்லித் தர வேண்டுமா?

மாணவர் ஓலையும் எழுத்தாணியுமாக உட்காருவார். பிள்ளையவர்கள் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார். பிறகு, ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்த பழைய பாட்டைச் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு போவார். யாராவது வந்தால் அவரோடு பேசிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார். விருத்தம் பாடிப் பார்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் புரியும். நான்கு அடிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றி வர வேண்டும். முதல் அடியை 'மலை' என்று எடுத்துவிட்டு, அப்புறம் 'தலை', 'கலை', 'அலை' என்று தேடிக்கொண்டிருந்தால் கருத்து எதுகைக்குப் பின்னால் நொண்டிக்கொண்டு வரும். முதல் சொல்லை வாயிலிருந்து விடுமுன்பே நான்காம் அடி எந்தச் சொல்லில் தொடங்கும், எங்கே வினைமுற்று விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்சநேர மௌனத்தில் நடந்தது இந்த வேலை என்றே நான் நினைக்கிறேன். பேசாமல் இருந்த நேரத்தில் பாட்டு முழுதும் முடிந்துவிட்டது. சொன்ன நேரத்தில் அவர் அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்.

அதற்கு நேரம் கொடுத்தது ஓலை.

தமிழாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சுவடி வாசிக்கக் கற்றுக்கொண்டேன். அப்போது எழுதியும் பார்த்தேன். காகிதத்தில் எழுதுவது போலல்ல அது. ஓலையை இடது கைவிரல்களின்மேல் ஏந்திக்கொள்ள வேண்டும். எழுத்தாணி வலது கையில். ஆனால் வலது கை வரி நெடுக ஓடுவதில்லை, இருந்த இடத்திலேயே இருந்து கீறும். இடது கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக் கொடுத்து அதைத் தள்ளும். எழுத எழுத ஓலைதான் இடப்பக்கம் நகரும். ஏடெழுதிப் பழகியவர்கள் அந்தக் கட்டைவிரல் நகத்தை வளர்த்து, எழுத்தாணி பதியச் சிறு வெட்டு வைத்துக்கொள்வார்கள். அழுத்திக் கீறினால் ஓலை கிழியும், லேசாகக் கீறினால் எழுத்து பதியாது. நான்கு வரி முடிப்பதற்குள் எனக்குக் கட்டைவிரல் மரத்துப்போனது. வெளிறிய ஓலையில் வெளிறிய கீறல். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் எழுதியது என்ன என்று தெரிகிறது. விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் கலந்த மையைத் தடவித் துடைத்த பிறகே எழுத்து கறுப்பாக எழுந்து வரும்.

ஆகவே புலவர் சொல்லும்போது எழுதுபவர் எழுதியதைத் திரும்பிப் பார்க்க வசதியில்லை. காதில் விழுந்ததைக் கை நம்ப வேண்டும். ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் கொம்பில் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றே. அடி பிரித்து எழுதுவதும் கிடையாது. நான்கடியும் உரைநடைபோல ஒரே ஓட்டமாகப் போகும். பாட்டின் முடிவில் எண் வரும், அவ்வளவே. பின்னால் இதைப் படிப்பவர் சீரும் தளையும் தெரிந்தவராக இருந்தால்தான் பாட்டைப் பிரித்து எடுக்க முடியும். எழுதுபவருக்கும் அதே நிலை. யாப்புத் தெரியாதவர் எழுதினால் ஒரு சீர் விழுந்ததே தெரியாமல் போகும்.

இங்கேதான் இந்த வழக்கத்தின் அருமையைப் பார்க்கிறேன். எழுதும் மாணவர் வெறும் கூலிக் கையல்ல. ஒரு பாட்டு உருவாகும்போது அதன் முதல் வாசகர் அவர். எந்தச் சொல்லைப் புலவர் எடுத்தார், எதைச் சொல்லிவிட்டு மாற்றினார், எங்கே நிறுத்தினார் என்று காதால் கேட்கிறார். யாப்பருங்கலக்காரிகையைப் பாடம் கேட்பது ஒரு படிப்பு. ஆயிரம் விருத்தம் பிறக்கும்போது பக்கத்தில் இருப்பது வேறு படிப்பு. அந்தக் காலத்துப் புலவர் வீட்டில் இரண்டும் சேர்ந்தே நடந்தன. சம்பளம் கிடையாது, சான்றிதழ் கிடையாது, பல நாள் சாப்பாட்டுக்கே அலைச்சல். ஆனாலும் இதற்கு இணையான தமிழ் வகுப்பு பிறகு எங்கேயும் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

பிள்ளையவர்கள் தாம் படித்ததும் இப்படி உழைத்துத்தான். புத்தகம் வாங்க வசதியில்லாத காலத்தில், கிடைத்த சுவடிகளைத் தம் கையாலேயே பிரதி எடுத்துக்கொண்டார். தண்டியலங்காரம் தெரிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளியில் திரிந்தபோது, அவருக்குப் பணிவிடை செய்து பாடம் கேட்டார். பிறர் நூலை இப்படி எழுதி எழுதிப் பழகிய கைதான் பின்னாளில் ஓய்ந்து, வாய் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. மனத்தில் அத்தனை பாட்டு படிந்திராவிட்டால் எழுத்தாணி இல்லாமல் பாட்டுக் கட்ட முடியாது.

அவருடைய காலைப் பழக்கம் ஒன்றை ஐயர் சொல்கிறார். மாயூரத்து வீட்டின் கொல்லையில் அவர் மரங்கள் வைத்திருந்தார். விடிந்ததும் போய் எந்தக் கிளை துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பதில் அவருக்கு அப்படி ஓர் ஆசை. பையன் சாமிநாதன் அதைக் கவனித்துவிட்டார். தாம் முன்னதாகவே போய்ப் புதுத் தளிர்களைத் தேடி வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்ததும் ஒவ்வொன்றாகக் காட்டுவார். அந்த மகிழ்ச்சியான நேரத்தில் தமக்குத் தனியாகப் பாடம் சொல்லுமாறு கேட்கவும் வழி பிறந்தது. பெரிய புலவரின் நாள் ஒரு தளிரோடு தொடங்கியது என்பதை அறிந்தபின், அவருடைய நாட்டுப் படலங்களில் வரும் சோலைகளை நான் மரபு வருணனை என்று தள்ளிவிட்டுப் போவதில்லை.

நூல் முடிந்தால் அரங்கேற்றம். அந்தந்தக் கோயிலிலேயே பல நாள், சில நூல்களுக்கு மாதக்கணக்கில் நடக்கும். ஒருவர் பாட்டைப் படிக்க, புலவர் பொருள் சொல்லுவார். கேட்பவர்களில் பண்டிதரும் உண்டு, வயலிலிருந்து வந்தவரும் உண்டு. நிறைவு நாளில் சுவடியை ஊர்வலமாகக் கொண்டு போய், புலவருக்குச் சால்வையும் பொருளும் தருவார்கள். கும்பகோணத்திலும் நாகப்பட்டினத்திலும் இப்படி நடந்தது. ஆவுடையார்கோயிலில் திருப்பெருந்துறைப் புராணம் அரங்கேறியபோது ஐயரும் கூடப் போயிருந்தார். இந்தப் பாட்டுகள் தனியறையில் வாய்க்குள் படிக்க எழுதப்பட்டவை அல்ல. வாயில் பிறந்து, காதில் விழுந்து, மறுபடியும் கூட்டத்துக்கு நடுவே வாய்க்கே திரும்பியவை. பின்னால் வந்த விமரிசகர்கள் அச்சுப் புத்தகத்தில் நூறு பாட்டை ஒரே மூச்சில் படித்துவிட்டு, தலபுராணமென்றால் சலிப்பு என்று தீர்ப்பு எழுதினார்கள். ஒரு மாலைக்குக் கொஞ்சம் பாட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் என்று கேட்க வேண்டியதை அப்படிப் படிப்பது நியாயமில்லை.

அதே மாயூரத்தில் அதே காலத்தில் பிள்ளையவர்களின் நண்பர் ஒருவர் முனிசீப்பாக இருந்தார். வேதநாயகம் பிள்ளை. அவர்மீது பிள்ளையவர்கள் குளத்தூர்க்கோவை பாடினார். அந்த நண்பர் எழுதிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சில் வந்தது, தமிழின் முதல் நாவல். ஓர் ஊரில், ஒரு நட்புக்குள், ஓலையில் சொல்லி எழுதும் புராணமும் அச்சில் ஏறும் உரைநடைக் கதையும் சந்தித்துக்கொண்டன. நாவல் வெளிவந்தபோது பிள்ளையவர்கள் இல்லை. காகிதமும் பேனாவும் வந்தபின் எழுத்தாளர் தம் கையாலேயே, தனியாக உட்கார்ந்து எழுதுவது வழக்கமாயிற்று. அடித்துத் திருத்த இடம் கிடைத்தது. மனத்துக்குள்ளேயே பாட்டை முடித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் மெல்ல மெல்லப் போயிற்று.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்ற ஏற்பாடு மட்டும் முழுதாகப் போய்விடவில்லை. ஏடெழுதிய மாணவரான ஐயருக்கு வயதானபின், 1940 தொடங்கி ஆனந்த விகடனில் வாரந்தோறும் 'என் சரித்திரம்' வந்தது. அதற்கு உதவியாக உடனிருந்தவர் அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன். 1942-இல் ஐயர் மறைந்ததால் அது நடுவில் நின்றது.

பிள்ளையவர்கள் தம்மைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதி வைக்கவில்லை. ஐயர் 1933-இலும் 1934-இலும் இரண்டு பாகமாக வெளியிட்ட சரித்திரம் இல்லாவிட்டால் இந்தப் பழக்கங்களில் பாதி நமக்குத் தெரியாது. கடைசி வரை அவரைத் தாங்கிப் பணிசெய்த கிறிஸ்தவ மாணவர் சவேரிநாத பிள்ளையின் பெயரும் அதனால்தான் நமக்குக் கிடைத்தது. இப்போது சில கோயில்களும் தமிழன்பர்களும் இந்தப் புராணங்களை மறுபதிப்புப் போடுகிறார்கள். பாடியவர் பெயர், பதிப்பித்தவர் பெயர், பண உதவி செய்தவர் பெயர் எல்லாம் முகப்பில் வருகின்றன. சொல்லக் கேட்டு எழுதியவர் யாரென்று தெரியுமிடத்தில் அந்தப் பெயரையும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு வரி போதும்.