தொடக்கநிலை புராஸ்டேட் புற்றுநோய்: கண்காணிப்பு முறையின் வரலாறு

சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய், வயதான ஆண்கள் பலருக்கு எந்தத் தொல்லையும் தராமலே இருந்துவிடுகிறது. வேறு காரணங்களால் இறந்தவர்களின் உடற்கூறு ஆய்வில் இத்தகைய சிறு கட்டிகள் இருப்பதை அமெரிக்க நோயியலாளர் ஆர்னால்டு ரிச் 1935-லேயே எழுதினார். 1980களின் இறுதியில் புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனை பரவியதும், அதே வகைக் கட்டிகள் நலமாக நடமாடுபவர்களிடமும் ஆயிரக்கணக்கில் பிடிபட்டன. சுரப்பியை அகற்றுவது அல்லது கதிர்வீச்சு கொடுப்பது என்பதே வழக்கமாயிற்று. உயிரைப் பறித்திருக்காத நோய்க்காகப் பலர் ஆண்மையை இழந்தார்கள். இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் நிலைக்கு ஆளானார்கள். மருத்துவம் இதைச் சிறிய விலையாக எண்ணியது பெரும் பிழை.

சுவீடனின் ஓரெப்ரோ நகரில் 1977 முதல் 1984 வரை நோய் கண்டறியப்பட்ட 223 பேரை, தொடக்கத்தில் சிகிச்சை தராமல் மருத்துவர் யோஹான்சனின் குழு பின்தொடர்ந்தது. முதல் 15 ஆண்டுகள் பெரும்பாலோருக்கு நோய் மெல்லவே நகர்ந்தது. அதன்பின் இறப்பு விகிதம் கூடியதை 2004 அறிக்கை காட்டியது. ஆகவே வெறுமனே காத்திருந்தால் போதாது. டொராண்டோவில் மருத்துவர் லாரன்ஸ் கிளாட்ஸ் 1995-இல் தொடங்கிய கண்காணிப்பு முறை இந்த இடைவெளியை நிரப்பியது: குறித்த காலத்தில் பி.எஸ்.ஏ., மறுபடியும் பயாப்ஸி, நோய் முற்றும் அறிகுறி தெரிந்தால் உடனே சிகிச்சை. அந்த அறிகுறியைப் பயாப்ஸி காட்டும்: புற்றுநோயின் தீவிரத்தைக் குறிக்கும் கிளீசன் மதிப்பெண் 6 உள்ள திசுவை நுண்ணோக்கியில் பார்த்தால் சுரப்பிக் குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியே நிற்கும். அவை உருக்குலைந்து பிணையத் தொடங்குவதே மருத்துவர் அஞ்ச வேண்டிய மாற்றம். இம்முறையில் சேர்ந்த 993 பேரில் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் 15 பேர் என்று 2015-இல் அறிவிக்கப்பட்டது.

அறுவை சிகிச்சை உயிர் காக்கிறது என்று, அறுவையையும் வெறுமனே காத்திருப்பதையும் ஒப்பிட்ட ஸ்காண்டிநேவிய ஆய்வு நிறுவியதே என்பார்கள். உண்மைதான், ஆனால் அதில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் நோய் பி.எஸ்.ஏ. சோதனையால் முன்கூட்டியே பிடிபட்டதல்ல. கண்காணிப்பு, அறுவை, கதிர்வீச்சு மூன்றையும் ஒப்பிட்ட பிரிட்டனின் புரொடெக்ட் ஆய்வு எழுப்பும் மறுப்பு இன்னும் வலுவானது. 1,643 பேரில் 15 ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் கண்காணிப்பில் 3.1, அறுவையில் 2.2, கதிர்வீச்சில் 2.9 சதவீதம், இந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் நோய் பரவியது கண்காணிப்பில் 9.4 சதவீதம், அறுவையில் 4.7. இதை மூடி மறைக்கக் கூடாது. அங்கே கண்காணிப்பு பெரிதும் பி.எஸ்.ஏ. அளவை மட்டுமே நம்பியிருந்தது. இன்று வழக்கமாகிவிட்ட எம்.ஆர்.ஐ.யும் திட்டமிட்ட மறு பயாப்ஸியும் அதில் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் 61 சதவீதத்தினர் பின்னாளில் சிகிச்சைக்கு மாறினார்களே, அதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றும் கேட்கலாம். அப்படிச் செய்திருந்தால் அவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளின் இயல்பு வாழ்வை இழந்திருப்பார்கள். 15 ஆண்டு முடிவில் எந்தச் சிகிச்சையுமின்றி உயிரோடிருந்த, சுமார் நான்கில் ஒரு பங்கினர், தேவையற்ற அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ உட்பட்டிருப்பார்கள்.