பராமரிப்பு ஆணையை மாற்றக் கோரும் உரிமை: உச்சவரம்பின் வரலாறும் திருத்தணி எல்லைப் பகுதியும்

திறவுச்சொற்கள்: குழந்தைப் பராமரிப்பு, உச்சவரம்பு, மாற்ற மனு, குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஆர்.கே.பேட்டை

முன்னுரை

குழந்தைக்குத் தந்தை வழங்க வேண்டிய மாதத் தொகையை நீதிமன்றம் ஒரு நாளில் நிர்ணயிக்கிறது. குழந்தையோ ஆண்டுதோறும் வளர்கிறது. அதன் செலவும் உடன் வளர்கிறது. எனவே, ஆணை பிறப்பிக்கும் பிரிவைவிட ஆணையை மாற்ற இடமளிக்கும் பிரிவே சட்டத்தின் இயல்பை நன்கு காட்டும். இவ்வுரிமை 1898ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றிருந்தும், தொகைக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பால் 2001 வரை குறைபட்டே நின்றது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

உச்சவரம்பும் மாற்றமும்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488ஆம் பிரிவு மாதம் 50 ரூபாயை உச்சவரம்பாக வைத்தது. சூழ்நிலை மாறியதை மெய்ப்பித்தால் நடுவர் தொகையை மாற்றலாம் என்றது 489ஆம் பிரிவு. ஆயினும் மாற்றிய தொகையும் அவ்வரம்பைக் கடக்கலாகாது. வரம்பு 1923இல் 100 ரூபாயாகவும் 1955இல் 500 ரூபாயாகவும் உயர்ந்தது. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், 125, 127ஆம் பிரிவுகளில் அதே 500 ரூபாயைத் தொடர்ந்தது. இத்தொகை குடும்பம் முழுமைக்குமன்று, உரிமை கோரும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும் என நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் 1978இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் விளக்கினார்.

இதனால் விளைந்த சமமின்மை கருதத்தக்கது. குறைக்கக் கோரிய தந்தைக்குக் கீழ்வரம்பு ஏதுமில்லை. உயர்த்தக் கோரிய தாய்க்கு மேல்வரம்பு இருந்தது. 2001ஆம் ஆண்டின் 50ஆம் சட்டமே, செப்டம்பர் 24 முதல், அவ்வரம்பை நீக்கியது. 1955இல் குறித்த தொகை 46 ஆண்டுகள் மாறாதிருந்தது.

எல்லைப் பகுதியின் நிலை

ஆர்.கே.பேட்டை அமைந்துள்ள திருத்தணிப் பகுதி 1953இல் சித்தூர் மாவட்டத்துடன் ஆந்திர மாநிலத்தில் சேர்ந்து, 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்திற்கு மாறியது. மாநிலம் மாறினும் பராமரிப்புச் சட்டம் இருபுறமும் ஒன்றே. ஆனால் எங்கு வழக்குத் தொடுப்பது என்பதே இங்குத் தலையாய வினா. பழைய சட்டத்தில் கணவன் வாழும் இடமோ, இருவரும் இறுதியாகச் சேர்ந்து வாழ்ந்த இடமோ அதற்குரியது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 126ஆம் பிரிவு மனைவி வாழும் இடத்தையும் சேர்த்தது. எல்லைக்கு அப்பால் மணமுடித்துத் தாய்வீடு திரும்பிய பெண்ணுக்கு இது பெரும் பயன் தந்தது. தந்தை எங்கிருப்பினும் அவ்விடத்து நடுவர் ஆணையை நிறைவேற்றலாம் என்றது 128ஆம் பிரிவு.

விசைத்தறி நெசவு மிக்க இவ்வூரில் வருவாய் சீரானதன்று. ஊதியச் சான்றும் அரிது. ஆகவே சூழ்நிலை மாற்றத்தை மெய்ப்பிப்பது கடினம். இருதரப்பும் சொத்து, வருவாய், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாக அளிக்க வேண்டும் என்று 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் பணித்தது இச்சிக்கலை ஓரளவு தணிக்கிறது.

முடிவுரை

2024 ஜூலை 1 முதல் இவ்வுரிமை பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் தொடர்கிறது. உச்சவரம்பு நீங்கியது, எனினும் குழந்தை வளர்வதற்கேற்பத் தொகை தானே உயர்வதில்லை. கேட்பவரே மனு செய்து மெய்ப்பிக்க வேண்டும். எனவே, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளோடு கீழமை நீதிமன்றங்களின் மாற்ற மனுக்களையும் தொகுத்து ஆராய்ந்தாலன்றி இவ்வுரிமையின் வரலாறு முழுமை பெறாது.