நாலு மில்லிமீட்டர்

ரூபாய் நோட்டின் நிறம் நம் எல்லோருக்கும் தெரியும். நீளம் தெரியுமா? பார்வையற்றவர்களுக்கு அதுதான் முக்கிய அடையாளம்.

1996 முதல் வந்த மகாத்மா காந்தி வரிசையில் ஐம்பது ரூபாய் 147 மி.மீ., நூறு 157, ஐந்நூறு 167, 2000-ல் வந்த ஆயிரம் 177. படிக்கு ஒரு சென்டிமீட்டர். விரல் வைத்தாலே சொல்லிவிடலாம். போதாததற்கு நூறில் மேடாக ஒரு முக்கோணம், ஐந்நூறில் வட்டம்.

2016 நவம்பரில் புது வரிசை வந்தது. நோட்டு சிறியதாகி பர்ஸில் அழகாக அடங்கியது. இப்போது நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. வித்தியாசம் வெறும் 4 மி.மீ.! இன்றும் செல்லுபடியாகும் பழைய நூறு, புது ஐந்நூறைவிட 7 மி.மீ. நீளம். மேடான குறியோ, நோட்டு கைமாறக் கைமாறத் தேய்ந்துவிடும்.

நாக்பூரில் எங்கள் கிளைக்கு வரும் பார்வையற்ற பென்ஷன்காரர் ஒருவர், நூறை ஒரு மடிப்பாகவும் ஐந்நூறை இரண்டு மடிப்பாகவும் மடித்து வைத்துக்கொள்வார். கௌண்டரில் நாங்கள் சொல்லிச் சொல்லித் தருகிறோம், சரி. காய்க்காரர் தரும் மீதிப் பணத்துக்கு?

2020 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 'மணி' என்ற செயலியை வெளியிட்டது. செல்போன் கேமராவில் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும். நல்ல விஷயம்தான். ஆனால் நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் முன்னால் செல்போனை எடுத்துப் படம் பிடிக்க முடியுமா?

புது அளவுக்காக 2016-ல் ஊர் ஊராக ஆள் போய் ஏ.டி.எம். மெஷின்களைத் திருத்தினார்கள். விரல்களை யார் திருத்துவது?

கண்ணை மூடிக்கொண்டு நூறு, இருநூறு, ஐந்நூறு மூன்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள்.