பீஸ் கட்டையிலிருந்து டிரிப் யூனிட் வரை: வண்டூரில் கற்ற ஒரு வரலாறு

அந்தமானுக்குத் தமிழர்கள் வந்து சேர்ந்த வரலாற்றை அறிஞர் பலர் எழுதியிருக்கிறார்கள். பர்மாவிலிருந்து வந்தவர்கள், இலங்கை மலையகத்திலிருந்து கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள், கப்பல் ஏறிக் கூலி வேலைக்கு வந்தவர்கள் என்று அது பெரிய கதை. நான் எடுத்துக்கொண்ட பொருள் அவ்வளவு பெரியதல்ல. மின்சாரப் பேனலின் கதவைத் திறந்தால், பெரிய பிரேக்கரின் முகத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு பெட்டி இருக்கும். அதில் ஏழெட்டு வட்டத் திருகுகள். டிரிப் யூனிட் என்று பெயர். நம் ஆட்கள் 'ரிலீஸ்' என்றும் சொல்வார்கள். அந்தத் திருகுகளை எந்த எண்ணில் நிறுத்துவது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதைத் தீவில் இருப்பவன்தான் சரியாகச் சொல்ல முடியும் என்பது என் எண்ணம்.

முதலில் பீஸ் கட்டை. பாடநூலில் 'மின் உருகி' என்று படித்தோம். வீட்டில் 'பீஸ் போச்சு' என்றுதான் சொன்னோம். வெள்ளைப் பீங்கான் கட்டையில் ஒரு மெல்லிய கம்பி. அளவுக்கு மேல் மின்னோட்டம் போனால் கம்பி உருகும், விளக்கு அணையும், வீடு தப்பிக்கும். கடைக்காரர் சொன்ன அளவுக் கம்பியை எத்தனை பேர் போட்டோம்? அடிக்கடி போகிறதே என்று ஒயரைச் சீவி நாலு இழை முறுக்கிப் போடுவதுதான் ஊர் வழக்கம். காவல்காரனுக்குத் தூக்க மருந்து கொடுக்கிற வேலை அது. இந்தப் பழக்கத்தை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸ் என்பவரின் நிறுவனம், உருகிக்குப் பதிலாகத் திரும்பத் திரும்ப ஏற்றி வைக்கக்கூடிய சிறு பிரேக்கருக்குக் காப்புரிமை பெற்றது. இன்று நம் வீட்டுச் சுவரில் இருக்கும் எம்.சி.பி.யின் மூதாதை அதுதான். உள்ளே இரண்டு காவலர்கள். மெதுவாக ஏறும் சுமைக்கு, சூட்டில் வளையும் ஈருலோகப் பட்டை. ஷார்ட் சர்க்யூட் வந்தால் நொடியில் இழுத்துவிடும் காந்தச் சுருள். தொழிற்சாலைகளின் எம்.சி.சி.பி.யிலும் நெடுங்காலம் இதே இரட்டை ஏற்பாடுதான். இதில் ஒரு தொல்லை உண்டு. சூட்டில் வளையும் பட்டைக்கு அந்தச் சூடு மின்னோட்டத்தால் வந்ததா, அறையால் வந்ததா என்று தெரியாது. அதைப் பெரும்பாலும் 40 டிகிரிக்குக் கணக்குப் பண்ணி விற்கிறார்கள். நம் ஊர் ஜெனரேட்டர் அறை மதியத்தில் 50 டிகிரியைத் தொடும். சுமை சரியாக இருந்தாலும் பிரேக்கர் விழும். உடனே என்ன செய்வார்கள்? திருகை மேலே ஏற்றுவார்கள். பீஸ் கட்டையில் நாலு இழை முறுக்கிய அதே கை.

பெரிய ஏர் பிரேக்கர்களில் வேறு ஒரு கருவி இருந்தது: எண்ணெய் டேஷ்பாட். மின்னோட்டம் மிகுந்தால் காந்தம் ஒரு பிஸ்டனை மேலே இழுக்கும். குப்பியில் உள்ள எண்ணெய் அதை உடனே ஏறவிடாமல் தாமதப்படுத்தும். அந்தத் தாமதம்தான் 'டைம் செட்டிங்'. எண்ணெய் கெட்டிப்பட்டாலோ, தூசி விழுந்தாலோ தாமதம் மாறிவிடும். ஆண்டுக்கு ஒருமுறை குப்பியைக் கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. 11 கே.வி. பேனல்களில் நம்ம சென்னைப் பல்லாவரத்துச் சரக்கு இருந்தது. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் சி.டி.ஜி. ரிலே. பழைய மின்மீட்டர் போல ஓர் அலுமினியத் தட்டு மெல்லச் சுற்றும். மின்னோட்டம் கூடக்கூட வேகமாகச் சுற்றிப் பிரேக்கரைத் தள்ளிவிடும். இரண்டே செட்டிங், ஒரு பிளக், ஒரு டயல். பாதுகாப்பு என்றால் என்ன என்று என் போன்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அந்தத் தட்டுதான்.

மின்னணு டிரிப் யூனிட் 1960-களின் இறுதியிலும் 1970-களிலும் மேல்நாடுகளில் வரத் தொடங்கியது. மைக்ரோபிராசசர் 1980-களில் உள்ளே புகுந்தது. பிரேக்கரின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சி.டி. மின்னோட்டத்தை அளக்கும், யூனிட் கணக்கிடும், அளவு மீறினால் சிறு காந்தச் சுருளுக்குத் துடிப்பு அனுப்பிப் பிரேக்கரை விழச் செய்யும். பெரும்பாலான யூனிட்டுகளுக்கு வெளிமின்சாரம் வேண்டாம். ஓடும் மின்னோட்டத்திலிருந்தே உயிர் எடுத்துக்கொள்ளும். அறைச் சூட்டுக்கு அசையாது. நீண்ட நேரச் சுமை, குறுகிய நேரப் பிழை, உடனடிப் பிழை, மண்ணுக்குக் கசியும் பிழை என்று நான்கையும் தனித்தனியே திருத்தலாம். இந்தியத் தர நிர்ணயத்திலும் பழைய விதிகளுக்குப் பதிலாக 1993-இல் ஐ.எஸ். 13947 வந்தது, அது உலகப் பொதுவிதியை ஒட்டியது.

வரலாறு இவ்வளவுதான் என்றால் பெருநிலத்தில் யாரும் எழுதியிருக்கலாம். தீவுக்கு வந்தால் கணக்கு மாறுகிறது.

சென்னையில் ஒரு 500 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச்சுமை ஏறக்குறைய 695 ஆம்பியர். அதன் இம்பீடன்ஸ் 4.5 சதவீதம் என்றால் வாசலிலேயே ஷார்ட் ஆனபோது 15,000 ஆம்பியருக்கு மேல் பாயும், ஏனென்றால் பின்னால் மாநிலக் கிரிட்டே நிற்கிறது. அதே 500 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரில்? முதல் சில சைக்கிள்களுக்கு எட்டு மடங்கு வரலாம். பிறகு மளமளவென்று இறங்கும். நல்ல எக்சைட்டேஷன் இருந்தால் மூன்று மடங்கில், அதாவது 2,000 ஆம்பியர் அளவில் நிற்கும். சாதாரண மிஷினில் அதுவும் நிற்காது. ஆனை வரும் என்று போட்ட பொறியில் ஆடு எப்படி விழும்?

இந்தத் தீவுகளுக்குப் பெருநிலத்து மின்கம்பி கிடையாது. 2020-இல் சென்னையிலிருந்து கடலடியில் இணையக் கேபிள் வந்துவிட்டது; கரண்ட் வரவில்லை. சாத்தம், பீனிக்ஸ் பே டீசல் நிலையங்கள், 2003-இல் பம்பூ பிளாட்டில் வந்த 20 மெகாவாட் தனியார் டீசல் நிலையம், வடக்கே டிக்லிபூரில் 2001-இல் வந்த 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம் என்று தீவுக்குத் தீவு தன் கையே தனக்குதவி. ஐஸ் பிளாண்ட், லாட்ஜ், மீன் குளிர்பதனம் என்று யார் தொழில் நடத்தினாலும் பின்னால் ஒரு ஜெனரேட்டர் செட் நின்றே தீரும்.

வண்டூர் அப்படிப்பட்ட இடம். தலைநகரிலிருந்து (2024-இல் அதற்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள், நம் வாயில் போர்ட் பிளேர்தான் வருகிறது) முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் இங்கே கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். மலப்புறத்து வண்டூர்தான் இங்கும் வண்டூர். 1983-இல் கடல்சார் தேசியப் பூங்கா வந்தபின் ஜாலி பாய், ரெட் ஸ்கின் தீவுகளுக்குப் படகு புறப்படும் துறை என்று பெயர் பெற்றது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் தென் அந்தமான் நிலமே ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. கடற்கரையில் பட்டுப்போய் நின்ற மரங்களைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கடல்நீர் புகுந்த எம்.சி.சி.பி.யையும் மின்னணு டிரிப் யூனிட்டையும் உலர்த்திப் போடக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். அதனால் சுனாமிக்குப் பின் புதுப் பேனல்கள் கப்பலில் வந்திறங்கின. வண்டூர்ப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்ட்டிலும் ஒன்று வந்தது. 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர், 800 ஆம்பியர் பிரேக்கர், புது மின்னணு யூனிட். கொடுத்தவர் பெயர் இங்கே வேண்டாம். பெருநிலத்தில் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்துவிட்டுப் போயிருந்தார்கள்: சுமைத் திருகு 1.0, அதன் தாமதம் ஆறு மடங்கில் 24 விநாடி, குறுகிய நேரத் திருகு 10 மடங்கு, அதாவது 8,000 ஆம்பியர்.

ஒரு மழைக்காலத்தில், உப்பேறிய கேபிள் முனையில் இரண்டு பேஸ் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் நின்ற உதவியாளர், இராமநாதபுரத்துப் பையன், முழங்கை வரை வெந்துபோனான். மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். ஆப்பரேட்டர் சொன்னார்: "அண்ணே, பிரேக்கர் விழவே இல்ல. வெளிச்சம் நின்னு எரியுது. நான் ஓடிப்போய் டீசலை அடைச்சேன்."

விழாதது பிரேக்கரின் குற்றமல்ல. 2,000 ஆம்பியர் என்பது அந்த யூனிட்டின் கண்ணில் இரண்டரை மடங்குச் சுமை, அவ்வளவுதான். 24 விநாடித் திருகின்படி அது இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கும். அதற்கு எழுதிக்கொடுத்தபடி அது நடந்துகொண்டது.

திருத்தியது இப்படி. சுமைத் திருகை 0.9-இல் வைத்தால் 720 ஆம்பியர். ஜெனரேட்டரின் 695-ஐ ஒட்டி நிற்கும். குறுகிய நேரத் திருகு 2.5 மடங்கு, 1,800 ஆம்பியர். ஜெனரேட்டர் தாங்கித் தரும் 2,000-க்குள் அது அடங்கியாக வேண்டும். கம்ப்ரசர் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விழுந்துவிடாதா என்று முதலாளி கேட்டார். நியாயமான கேள்வி. 55 கிலோவாட் மோட்டாருக்கு ஸ்டார்ட்டிங் 600 ஆம்பியர், ஏற்கெனவே ஓடும் சுமை 400, சேர்த்தால் 1,000. 1,800-க்கு இடைவெளி இருக்கிறது. தாமதம் 0.2 விநாடி, கீழே உள்ள சின்ன பிரேக்கர் முதலில் விழுவதற்காக. உடனடித் திருகை மேலேயே விட்டேன்.

திருகுவதற்கு முன் பார்க்க வேண்டியவைதான் அதிகம். யூனிட்டில் செருகிய ரேட்டிங் பிளக்கும் பிரேக்கரின் சி.டி. அளவும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் எல்லா எண்ணும் பொய். மண்கசிவுக் காப்பு இருந்தால் நியூட்ரல் கம்பிக்கும் ஒரு சி.டி., அதுவும் சரியான திசையில். இதை மறந்தால் விளக்குச் சுமைக்கே பிரேக்கர் விழும். பிறகு தொல்லை என்று அந்தக் காப்பையே அணைத்து வைப்பார்கள். பாதி பேனல்களில் நான் கண்ட நிலை அதுதான். யூனிட்டை மாற்றுவதானால் பிரேக்கரை இழுத்து வெளியே எடுத்து, ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மாற்றிய பின் சோதனைப் பெட்டியைச் செருகி யூனிட்டைச் சோதிக்கலாம். அது யூனிட்டின் மூளையை மட்டும் சோதிக்கும். சி.டி.யிலிருந்து பிரேக்கரின் கை வரை முழுதும் பார்க்க, ஆயிரக்கணக்கான ஆம்பியரை நேரே செலுத்தும் கனமான கருவி வேண்டும். சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள். இருந்தும் வரவழைத்தோம்; எரிந்த கையைப் பார்த்தபின் யாரும் செலவைப் பேசவில்லை.

இப்போது கணக்கு மறுபடி மாறிக்கொண்டிருக்கிறது. நம் நெய்வேலி நிறுவனமான என்.எல்.சி., 2020-இல் தென் அந்தமானில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையமும் 8 மெகாவாட்-மணி பேட்டரியும் அமைத்தது. நல்ல காரியம். ஆனால் சூரிய மின்சாரத்தைத் தரும் இன்வெர்ட்டர் ஷார்ட் சர்க்யூட்டிலும் தன் அளவுக்கு மேல் பெரிதாகத் தராது. ஒன்றேகால், ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். லாட்ஜ் கூரைகளிலும் இப்போது பேனல் ஏறுகிறது. ஜெனரேட்டரை நிறுத்திப் பேட்டரியில் ஓடும் நேரத்தில், நான் வைத்த 2.5 மடங்கும் ஆனைப் பொறிதான். அதற்கு இரண்டு செட்டிங் வைத்துக்கொண்டு, எது ஓடுகிறதோ அதற்கேற்ப மாறிக்கொள்ளும் யூனிட்டுகள் வந்திருக்கின்றன. பழையதை வைத்திருப்பவர்கள், சூரியப் பேட்டரி இணைக்கும் நாளில் பிரேக்கர் எண்களையும் கையோடு திருப்பிக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

வண்டூர் பேனல் கதவின் உட்புறம் அன்று தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டிய தாள், மேலே பிளாஸ்டிக் உறையோடு, இன்னும் இருக்கிறது. எந்தத் திருகு எந்த எண்ணில், ஏன், எந்தத் தேதியில் என்று அதில் இருக்கிறது. கடைசி வரியை அந்த ஆப்பரேட்டரே எழுதினார்: "மோட்டார் மாற்றினால் இதையும் மாற்றவும்."