கொழுப்புத் தடவிய தோட்டா: ஒரு மேற்பூச்சின் வரலாறு

1857 ஆம் ஆண்டுப் பேரெழுச்சியைப் பற்றிப் படிக்கும் எவரும் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவிய தோட்டாக்களைப் பற்றிப் படிக்காமல் இருக்க முடியாது. ஆனால், ஈயக் குண்டுக்குக் கொழுப்பு எதற்கு என்ற கேள்வியைப் பாடநூல்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. அதற்கு விடை தேடினால், படைக்கலத் தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று எவ்வாறு அரசியல் சிக்கலாக மாறியது என்பது விளங்கும்.

ஈயமும் குழலும்

ஈயம் மென்மையான உலோகம். ஏறத்தாழ 327 பாகை செல்சியசில் உருகிவிடும். எனவே அச்சில் வார்த்துக் குண்டு செய்வது எளிது. அதன் குறையும் அந்த மென்மையே. வேகமாகக் குழலுக்குள் உரசிச் செல்லும்போது ஈயம் சிறிது சிறிதாகக் குழலின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அக்காலக் கருமருந்து எரிந்தபின் விடும் கரியும் அதனுடன் சேர்ந்து இறுகும். சில முறை சுட்டபின் அடுத்த குண்டை உள்ளே தள்ளுவதே கடினமாகிவிடும்.

வழுவழுப்பான குழல் கொண்ட பழைய மசுக்கெட்டுத் துப்பாக்கியில் இச்சிக்கல் பெரிதாக இல்லை. குழலைவிடக் குண்டு நன்கு சிறியதாக இருந்ததே காரணம். ஆனால் அந்த இடைவெளியால் சுமார் 100 கசத்துக்கு அப்பால் குறி தவறியது. குழலின் உட்சுவரில் சுருள் வடிவப் பள்ளங்களை வெட்டி, குண்டைச் சுழலச் செய்தால் குறி துல்லியமாகும் என்பது நெடுங்காலமாகத் தெரிந்ததே. பள்ளங்களைக் கவ்வும் அளவுக்கு இறுக்கமான குண்டை வாய்வழியே விரைவாகத் தள்ளுவதுதான் தடையாக இருந்தது. 1840களின் இறுதியில் பிரெஞ்சுப் படை அதிகாரி குளோது எத்தியேன் மினியே, அடிப்பகுதி குடைவான கூம்புக் குண்டை உருவாக்கினார். அது எளிதாக உள்ளே இறங்கும். சுடும்போது அடிப்பகுதி விரிந்து பள்ளங்களைக் கவ்வும்.

இவ்வழியில் வந்ததே 0.577 அங்குலக் குழல் கொண்ட 1853 ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கி. ஈயம் ஒட்டாமலும் கரி இறுகாமலும் இருக்க அதன் குண்டுக்கு வழுக்கும் பூச்சு தேவைப்பட்டது. மருந்தும் குண்டும் ஒரே காகித உறையில் இருந்தன. குண்டு இருக்கும் முனை, விலங்குக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த குழம்பில் தோய்க்கப்பட்டது. படைவீரர் மறுமுனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, பூச்சுள்ள முனையை உள்ளே செருகித் தள்ளுவார். கடிக்கும் முனையில் கொழுப்பு தோய்க்கப்படவில்லை. எனினும் வெயிலில் இளகும் பூச்சு கைக்கும் காகிதம் முழுவதற்கும் பரவக்கூடியது.

செய்த சோதனையும் செய்யாத சோதனையும்

1853 இல் இத்தோட்டாக்கள் சில இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. இந்நாட்டு வெப்பத்தையும் ஈரத்தையும் பூச்சு தாங்குமா என்று பார்ப்பதே நோக்கம். கல்கத்தா, கான்பூர், இரங்கூன் ஆகிய இடங்களில் அவை சோதிக்கப்பட்டன. பூச்சு தேறியது.

அது எந்த விலங்கின் கொழுப்பு என்ற கேள்வி சோதனையில் இடம்பெறவில்லை. வங்காளப் படையின் தலைமை நிருவாக அதிகாரியான கர்னல் டக்கர், சமய உணர்வைப் புண்படுத்தாத கொழுப்பு என்று உறுதி செய்யாமல் இவற்றைச் சிப்பாய்களிடம் கொடுக்கக்கூடாது என 1853 டிசம்பரிலேயே எழுதினார். அந்த எச்சரிக்கை கோப்புகளுக்குள் அடங்கிப்போனது. பின்னர் கல்கத்தாவில் தோட்டாக்கள் செய்யப்பட்டபோதும், தீட்டான கொழுப்பு கலக்காதிருக்கத் தனிக் கவனம் எதுவும் எடுக்கப்படவில்லை என்பது விசாரணையில் வெளிவந்தது.

இவ்வகைப் பிழை கம்பெனிக்குப் புதிதன்று. 1806 இல் வேலூரில், புதிய தலைப்பாகையும் அதில் பொருத்திய தோல் பட்டையும் சிப்பாய் எழுச்சிக்கு உடனடிக் காரணமாயின. உடை அதிகாரியின் கண்ணுக்குச் சிறு விவரம். அணிபவருக்கோ அது சாதியும் சமயமும் சார்ந்த செய்தி. வேலூர் கற்பித்த இப்பாடம் 51 ஆண்டுகளில் மறந்துபோயிருந்தது.

திருத்தங்கள் ஏன் பலிக்கவில்லை?

1857 சனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டமில் வதந்தி பரவியது. மேசர் செனரல் ஏர்சி உடனே மேலிடத்துக்கு எழுதினார். சனவரி 27 அன்றே அரசு இறங்கிவந்தது. பூச்சில்லாத தோட்டாக்களைத் தரலாம்; சிப்பாய்கள் தாங்கள் விரும்பும் பொருளைக் கடைத்தெருவில் வாங்கித் தாங்களே பூசிக்கொள்ளலாம் என்றது.

தொழில்நுட்பப்படி சிக்கல் அத்துடன் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. ஐயம் பூச்சிலிருந்து காகிதத்துக்குத் தாவியது. பிப்ரவரியில் பாரக்பூர் விசாரணையில், புதிய காகிதம் மெழுகுத் துணிபோல் பளபளக்கிறது, எரித்தால் கொழுப்பு வாடை வருகிறது என்று சிப்பாய்கள் கூறினர். பிப்ரவரி 26 அன்று பெர்காம்பூரில் 19 ஆம் படைப்பிரிவு மறுத்த தோட்டாக்களோ, என்ஃபீல்டுக்கு உரியவையே அல்ல. பழைய மசுக்கெட்டுக்கு உரியவை. அடுத்து, கடிக்க வேண்டாம், கையால் கிழித்தால் போதும் என்று பயிற்சி முறை மாற்றப்பட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3 ஆம் குதிரைப்படையின் 90 பேரிடம் அந்தப் புதிய முறையைக் காட்டித் தோட்டாக்களை நீட்டியபோது, 85 பேர் தொட மறுத்தனர். மே 9 அன்று அவர்கள் படையினர் முன்னிலையில் விலங்கிடப்பட்டனர். மறுநாள் எழுச்சி வெடித்தது.

ஒவ்வொரு திருத்தமும் எதிர்விளைவையே தந்தது. தவறில்லை என்றால் ஏன் மாற்றுகிறார்கள் என்று சிப்பாய் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. 1856 இல் அவத் இணைக்கப்பட்டது, அதே ஆண்டில் வந்த ஆள்சேர்ப்புச் சட்டம் புதிய வீரர்களைக் கடல் கடக்கவும் கட்டாயப்படுத்தியது ஆகியவை நம்பிக்கையை முன்பே அரித்திருந்தன. பூச்சு மட்டுமே எழுச்சிக்குக் காரணம் என்பது பிழை. முன்பே இருந்த அச்சங்கள் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளில் வந்து குவிந்தன என்பதே சரி.

பிந்தைய மேற்பூச்சுகள்

1866 இல் பிரித்தானியப் படை ஏற்ற சினைடர் துப்பாக்கியில் தோட்டாவைப் பின்புறமாகச் செருகினர். கடிக்கும் தேவையே இல்லாமல் போனது. 1882 இல் சுவிட்சர்லாந்து படை அதிகாரி எடுவார்டு உரூபின் ஈயத்தின்மேல் செப்பு உறை போர்த்தினார். புகையில்லா மருந்தின் வேகத்துக்கு அவ்வுறை இன்றியமையாததாயிற்று. வார்த்த ஈயக் குண்டுகளை இன்றும் பயன்படுத்தும் விளையாட்டுச் சுடுநர்கள் சிலர் அவற்றின்மீது பலபடிப் பூச்சை அடுப்பில் சுட்டு இறுக்குகின்றனர். ஈயம் குழலில் ஒட்டக்கூடாது என்ற பழைய தேவையே இதற்கும் அடிப்படை.

1853 இல் நடந்த சோதனை பொய்யான முடிவைத் தரவில்லை. பூச்சு வெப்பத்தைத் தாங்கியது உண்மை. ஆனால் அந்தச் சோதனை குழலையும் வானிலையையும் மட்டுமே கணக்கில் கொண்டது. தோட்டாவைக் கடிக்கப்போகும் மனிதரிடம் எதுவும் கேட்கவில்லை.