அருவியாற்று வடிநிலத்தில் நீரின் மறுபயன்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் நீர்ப்பாசன வரலாறு பெரும்பாலும் பெருங்குளங்களையும் அவற்றைக் கட்டுவித்த மன்னர்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. தேக்கப்பட்ட நீரின் பெருமை அவ்வரலாற்றிற் பேசப்பட்ட அளவுக்கு, வயலிற் பாய்ந்த நீர் பின்னர் எங்கே சென்றது என்னும் வினா எழுப்பப்படவில்லை. இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு அருவியாற்று வடிநிலம் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சிங்களத்தில் மல்வத்து ஓயா என வழங்கும் அருவியாறு ஏறத்தாழ 164 கிலோமீற்றர் ஓடி, அநுராதபுரத்தைக் கடந்து, மன்னார்த் தீவுக்குத் தெற்கே கடலை அடைகின்றது. மேற்பகுதியிலே, மழைக்காலத்தில் மட்டும் ஓடும் கிளையோடைகளின் குறுக்கே சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேற்குளத்தின் துருசு வழியே வயலுக்குப் பாய்ந்த நீரிற் பயிர் உண்டது போக எஞ்சியது வடிந்து கீழ்க்குளத்தைச் சேரும். வான் பாயும் நீரும் அங்கேயே சேரும். சிங்களத்தில் ‘எல்லங்காவ’ எனப்படும் இத்தொடரை, ஒரு சிறு நீரேந்து பரப்பினுள் இணைந்தியங்கும் குளங்களின் அமைப்பென 1985இல் புவியியலறிஞர் மத்தும பண்டார வரையறுத்தார்.

மறுபயன்பாடு எளிதில் கைகூடுவதன்று. நீர் வயலுக்கு வயல் இறங்குந்தோறும் உப்பின் செறிவு கூடும். இதனைக் கருதியே குளக்கட்டுக்கும் வயலுக்கும் இடையே ‘கட்டகடுவ’ என்னும் மரஞ்செடிப் பகுதி விடப்பட்டது. கசிந்துவரும் நீரின் உப்பு வயலை அடையாது தடுப்பது அதன் பணியாகும். குளத்தின் மேற்புறத்து மரத்தொகுதி காற்றின் வேகத்தைத் தணித்து ஆவியாதலைக் குறைத்தது.

பெருவாய்க்கால்களிலும் இத்தன்மையைக் காணலாம். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் அமைத்ததாகக் கருதப்படும் யோத எல, காலவாவியின் நீரை ஏறத்தாழ 87 கிலோமீற்றர் தூரம் கொண்டுசென்று அநுராதபுரத்துத் திசவாவிக்கு அளித்தது. அதற்கு ஒரு பக்கத்திலேயே கரையுண்டு. ஆகவே, மேட்டுநிலத்திலிருந்து வடியும் நீரையும் அது வழியில் ஏற்றுக்கொண்டது. கொண்டுசெல்லும் வாய்க்காலே சேர்க்கும் வாய்க்காலாகவும் இருந்தமை நோக்கற்பாலது.

இவ்வாற்றின் கீழ்ப்பகுதியில், தேக்கம் என்னுமிடத்துப் பண்டைய அணை ஆற்றுநீரை மறித்து மன்னாரின் கட்டுக்கரைக்குளத்துக்குத் திருப்புகின்றது. மேலுள்ள குளங்களும் வயல்களும் பயன்படுத்தி விட்ட நீரே இவ்வணைக்கு வந்துசேருகின்றது. 1976இல் பொல்கொல்லையிலிருந்து மகாவலி நீர் திருப்பப்பட்டபின், அந்நீரின் ஒரு பகுதி காலவாவி வழியே அநுராதபுரத்துக் குளங்களை அடைந்தது. அவற்றின் கீழுள்ள வயல்களின் வடிநீரும் அருவியாற்றிலேயே கலக்கின்றது. மேலே கழிவெனப்படுவது கீழே முதலாகின்றது என்பதனையே இவை காட்டுகின்றன.

பாசனத் திறனை அளவிடும் முறை இவ்விடத்திற் சிந்தனைக்குரியது. திறந்துவிட்ட நீரில் எவ்வளவைப் பயிர் பயன்படுத்திற்று என்று வயலளவிற் கணக்கிடும்போது, எஞ்சிய அனைத்தும் விரயமாகவே தோன்றும். கொழும்பைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சர்வதேச நீர்ப்பாசன முகாமைத்துவ நிறுவனத்தின் டேவிட் செக்லர் 1996இல் இதனை மறுத்தார். மீண்டும் பயன்படும் நீரை மிச்சப்படுத்துவது கணக்கேட்டுச் சேமிப்பே என்றும், கடலிற் கலந்தோ ஆவியாகியோ மாசுற்றோ பயனிழக்கும் நீரை மீட்பதே மெய்ச் சேமிப்பு என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். மேற்பகுதி வாய்க்காலுக்குச் சீமெந்து பூசி, மிச்சப்பட்ட நீரைக் கொண்டு அங்கேயே புதுநிலம் பயிரிட்டால் மேற்பகுதியின் திறன் உயரும். கீழ்ப்பகுதியின் வரவோ குறையும். வடிநிலம் முழுமைக்கும் விளைந்த இலாபம் சிறிதாகவே இருத்தல் கூடும்.

இதனாற் கசிவனைத்தும் நன்றெனக் கொள்வதற்கில்லை. வடிநீர் காலந்தாழ்ந்தே கீழே சேரும். உரத்தையும் பூச்சிகொல்லியையும் சுமந்து வரும். இவற்றிலும் அடிப்படையான சிக்கல் ஒன்றுண்டு. வரட்சியின்போது குளத்தையடுத்த வயற்பகுதியை மட்டும் விதைத்து, அதனை அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் ‘பெத்ம’ வழக்கம் ஒரு குளத்து ஊரவர்க்குரியது. ஆற்றின் முழுநீளத்துக்கும் அது விரிவதன்று. மேலே விதைப்பவனின் முடிவு கீழே விதைப்பவனின் விளைச்சலைத் தீர்மானிக்கின்றது. கீழே விதைப்பவனுக்கோ அம்முடிவிற் பங்கில்லை.

முதலாம் பராக்கிரமபாகு மழைநீர் பயனின்றிக் கடலைச் சேரலாகாதெனக் கருதியதாகச் சூளவம்சம் கூறும். அந்நோக்கத்தை ஈடேற்றியவை பெருங்குளங்கள் மாத்திரமல்ல. நீரைப் பெற்று, பயன்படுத்தி, அடுத்த ஊருக்கு விட்ட பெயரறியாச் சிறுகுளங்களுமேயாம். அநுராதபுரத்து வயலையும் மன்னாரின் வயலையும் ஒரே கணக்கில் வைத்து நோக்கும்போதே இவ்வாற்றின் வரலாறு முழுமை பெறும். அதன் நீரைப் பகிர்வதற்கான நீதியும் அக்கணக்கிலிருந்தே பிறக்கும்.