கடபயாதியில் பெயரும் மதிப்பும்

நீலகண்ட சோமயாஜியின் தந்திரசங்கிரகம், சங்கர வாரியரின் லகுவிவிருதி உரையுடன் 1958இல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையின் 188ஆம் வெளியீடாக அச்சேறியது. எட்டு இயல்களாலான இவ்வானியல் நூலின் முதற்பாட்டு திருமாலை விளித்துப் பாடும் வாழ்த்தாகும். அதன் முதற்பாதத்து எட்டு எழுத்துகளும் நூல் தொடங்கிய கலி நாளையும் குறிக்கின்றன என்பது உரைகாரர் கருத்து.

கடபயாதி முறையில் க முதல் ஒன்பது, ட முதல் ஒன்பது, ப முதல் ஐந்து, ய முதல் எட்டு வடமொழி மெய்கள் 1 தொடங்கி வரிசையாக மதிப்புப் பெறும். ஞவும் நவும் தனித்து நிற்கும் உயிரும் சுழியம். கூட்டெழுத்தாயின் உயிரை ஒட்டிய இறுதி மெய்யே கணக்கில் கொள்ளப்படும். முதலெழுத்து ஒன்றாம் தானத்தைக் காட்டும். இவ்வாறு நோக்க அவ்வாழ்த்து 8, 4, 5, 0, 8, 6, 1, 0 என விரியும். திருப்பி எழுத 1680548 ஆகும். அது கி.பி. 1500 மார்ச் 22. நூலின் இறுதிப்பாட்டில் இதே வகையில் கிடைப்பது 1680553. இடைவெளி ஐந்தே நாள்! அது நூலை யாத்த காலமா, ஏட்டில் எழுதிய காலமா என்பது தனியே ஆராயத்தக்கது.

அதே 1958இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் என்னும் கணினிமொழியை வகுக்கத் தொடங்கினார். அம்மொழியில் ஒரு பெயரை வெறுமனே எழுதினால் கணினி அதன் மதிப்பைக் கொள்ளும். மேற்கோளிட்டு எழுதினால் பெயரையே பொருளாகக் கொள்ளும். இவ்வேறுபாடு பாணினிக்குப் புதிதன்று. இலக்கண விதியில் வரும் சொல், கலைச்சொல்லாயினன்றித் தன் வடிவத்தையே சுட்டும் என்பது அவர் நூலின் முதலியல் விதிகளுள் ஒன்று.

எனினும் கடபயாதியை லிஸ்ப் பெயரோடு முற்றும் ஒப்பிடுதல் பொருந்தாது. லிஸ்பில் பெயருக்கு மதிப்பு வெளியிலிருந்து வழங்கப்படுகிறது. பெயரின் எழுத்துக்கூட்டு அம்மதிப்பை உண்டாக்குவதில்லை. இதற்கு நெருங்கியது கண் 2, வேதம் 4 எனக் கொள்ளும் பூதசங்கியை முறையே. அங்குக் கண்ணுக்கு மாற்றாக விழி, நயனம் எது வரினும் மதிப்பு 2தான். கடபயாதியில் ஒருபொருட்பன்மொழி புகுந்தால் எண் கெடும். பொருள் மாறாவிடினும் எழுத்து மாறலாகாது.

தமிழ் எழுத்தில் பெயர்ப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடும் இதுவே. நாகரி, மலையாளம், கிரந்தம் ஆகியவை வருக்க எழுத்துகளைத் தனித்தனியே காட்டுவன. தமிழ்த் தகரமோ 6, 7, 8, 9 என்னும் நான்கிற்கும், ககரம் 1, 2, 3, 4 என்னும் நான்கிற்கும் பொதுவாய் நிற்கும். மேற்சொன்ன வாழ்த்தில் ஹகரம், ஷகரம் போன்றவற்றைக் கிரந்த எழுத்தால் காத்துக்கொண்டாலும், தகரமும் ககரமும் ஐயத்திற்கு இடமாகின்றன. ஆகவே ஓர் எண் இருந்த இடத்தில் பதினாறு எண்கள் தோன்றும். அவற்றுள் இற்றை நாள்வரை கடந்துபோனவை இரண்டே: ஒன்று 1680548, மற்றொன்று 1780548, அதாவது 1774 ஜனவரி. எழுத்தை மட்டும் நம்பும் ஆய்வாளர் நீலகண்டரை ஏறத்தாழ 274 ஆண்டு பின்தள்ளிவிடக் கூடும். 1444இல் பிறந்தவர் என்னும் புறச்சான்று இருத்தலால்தான் இங்கு ஐயம் நீங்குகிறது. ஆசிரியர் காலம் அறியப்படாத ஏடுகளுக்கு அத்துணையும் இல்லை.

இசைத்துறையிலும் இதனைக் காணலாம். சங்கராபரணத்தின் முன் ‘தீர’ என்னும் அடை சேர்க்கப்பட்டது, அது 29ஆம் மேளம் என்பதைப் பெயரே காட்டுவதற்காக. தமிழ் எழுத்தில் அவ்வடை 26, 27, 28, 29 ஆகிய நான்கையும் தரும். ஆதலின் தமிழில் அச்சிட்ட இசைநூல்கள் மேளப் பெயரின் அருகே எண்ணையும் இடுதல் இன்றியமையாததாகிறது.